சுவாசப்பை ஒப்பரேசன்: கேக்கேக்கையே விடுற பிழையள்

பரந்தன் சந்தியில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்க தெரிஞ்ச அண்ணை ஒராள் கேட்டார், அப்பாக்கு சுவாசப்பையில கான்சராம், ஆரம்பக் கட்டம்தானாம், ஓட்டை போட்டுச் செய்யிறது நல்லமோ லோபெக்டமி நல்லமோ எண்டு. கேள்வியே பிழை அண்ணை எண்டன். சின்ன ஓட்டை போட்டுக் கமரா விட்டுச் செய்யிறது, ரோபோவால செய்யிறது, விலாவுக்கிடையால பெரிசா வெட்டுறது எல்லாம் உள்ளுக்க போற வாசல். லோபெக்டமி எண்டது உள்ளுக்க போய் எவ்வளவை எடுக்கிறது எண்ட கதை, அதைக் கமரா விட்டும் செய்யலாம், நெஞ்சைத் திறந்தும் செய்யலாம். கமராவில செய்தா நோ குறைவு, கெதியா எழும்பி நடக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது, கூட வெட்டினா கூட நல்லம் எண்ட நினைப்பு. சுவாசப்பையில இருக்கிற பெரிய பிரிவுகளைத்தான் லோப் எண்டுறது, வலப்பக்கம் 3, இடப்பக்கம் 2. ஒரு லோபை முழுசா எடுக்கிறது லோபெக்டமி, அதுக்குள்ள ஒரு பகுதியை அதின்ர ரத்தக்குழாய் மூச்சுக்குழாயோட எடுக்கிறது செக்மென்டெக்டமி, ஆப்பு மாதிரி ஒரு துண்டை மட்டும் வெட்டுறது வெட்ஜ். கடைசி ரெண்டையும் ஒண்டெண்டு நினைக்கிற சனம் கனபேர். 1995இல வந்த ஆய்வுக்குப் பிறகு லோபெக்டமிதான் சரியெண்டு இருந்தது. 2022இல யப்பான்காரர் 2 சென்ரிமீற்றருக்கு உள்ள, ஓரத்தில இருக்கிற கட்டியளை வைச்சுப் பாத்ததில, 5 வருசத்தில செக்மென்டெக்டமி செய்த ஆக்களில 94.3 வீதம் உயிரோட, லோபெக்டமியில 91.1. ஆனா கான்சர் அதே பக்கத்தில திரும்பி வந்தது செக்மென்டெக்டமியில 10.5 வீதம், லோபெக்டமியில 5.4 தான். ஒரு நம்பரை மட்டும் பாத்துத் துள்ளக்கூடாது. கனடாவில இருக்கிற மச்சான் வட்சப்பில அனுப்பினவர் எண்டு 4 சென்ரிமீற்றர் கட்டிக்கு இதைக் கொண்டுபோய் டொக்டரோட சண்டை பிடிச்சா என்ன செய்யிறது?

நெறிக்கட்டியளையும் எடுத்துச் சோதிப்பீங்களோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல, அதில பரவியிருந்தா கட்டமே மாறும், பிறகு மருந்தும் தேவைப்படலாம்.

சுருட்டுக் கதையை மறைக்காதேங்கோ, ஊதிப் பாக்கிற ரெஸ்ற்றில சுவாசப்பை எப்பிடி வேலை செய்யுதெண்டு தெரியவரும், மிச்ச சுவாசப்பை தாங்குமோ எண்டு பாத்துத்தான் எவ்வளவு வெட்டுறதெண்டு முடிவெடுப்பினம். தாங்காட்டி, வெட்டாம குறிவைச்சுக் குடுக்கிற கதிர் சிகிச்சையும் இருக்கு. முந்தி சயரோகம் வந்திருந்தா அதையும் சொல்லுங்கோ, அந்தத் தழும்பும் ஸ்கானில கட்டி மாதிரித் தெரியும். பழைய எக்ஸ்றேயள் கிடந்தா பையில போட்டுக்கொண்டுதான் கொழும்பு பஸ் ஏறுங்கோ.