ரோந்தாவில் வீடு வாங்கப் போகிறீர்களா? மண்ணுக்கடியிலும் வில்லங்கம் பாருங்கள்

விசா, வங்கிக் கணக்கு, ஜிபி என்ற குடும்ப மருத்துவரிடம் பதிவு, கவுன்சில் வரி: இதையெல்லாம் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. தெற்கு வேல்ஸில் ராயல் கிளமோர்கன் மருத்துவமனை வேலைக்கு வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு: வீட்டுக்கடியில் கிடக்கும் பழைய நிலக்கரிச் சுரங்கம். பக்கத்துப் பள்ளத்தாக்கான ரோந்தாவில் வீடு தலைநகர் கார்டிஃபைவிட மலிவு. ஊர் நிலம் விற்ற காசு கையில் இருக்க, ஏலத்தில் கைதூக்கிவிடுகிறார்கள். அப்படித் தூக்கிய ஒருவர் இன்று அந்த வீட்டை விற்க முடியாமல் நிற்கிறார்.

ரோந்தா வவர், ரோந்தா வாக், அதாவது பெரிய ரோந்தா, சின்ன ரோந்தா என்ற இரண்டு ஆறுகள் போர்த் என்ற ஊரில் கூடுகின்றன. பழைய நாளில் இது அஸ்த்ரடவோடுக் என்ற திருச்சபைப் பங்கு; ஆடு மேய்ந்த மலை. 1855இல் இங்குள்ள ட்ரெஹெர்பர்ட்டிலிருந்து நீராவி எஞ்சினுக்கான நிலக்கரி கார்டிஃபுக்குப் போனது. 1911இல் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. சமதளம் கிடையாது, சரிவில் வரிவரியாக லைன் வீடுகள், சுரங்கக் கிணறுகளை ஒட்டியே. கடைசிச் சுரங்கமான மேர்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது. குழிகள் அங்கேயேதான் இருக்கின்றன.

கைவிட்ட சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 1872இல்தான் வந்தது. அதற்கு முந்தியவை பலவற்றுக்கு வரைபடமே இல்லை. 1926இல் சுரங்க முதலாளிகள் செய்த கதவடைப்பின்போது அடுப்புக்காக ஜனங்கள் சரிவில் தோண்டியதற்கும் கணக்கில்லை. பல கிணறுகளை மரப்பலகை போட்டு மேலே மண்ணைக் கொட்டி மூடினார்கள். பலகை உளுத்தால் மண் உள்ளே இறங்கும்.

நம்மூரில் வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடுப்போமா? இங்கே அதற்குச் சமம் கான்29எம் (CON29M) என்ற சுரங்க அறிக்கை. மனையின் எல்லையிலிருந்து 20 மீட்டருக்குள் பதிவான சுரங்கவாய் இருந்தால் அதில் வரும். வங்கிக்கடன் வாங்கினால் பத்திர வேலை பார்க்கும் வக்கீலான சொலிசிட்டரே எடுத்துவிடுவார். ரொக்கமாக வாங்கினால் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், பொறி இதுதான். பிறகு விற்கும்போது, வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி இந்தச் சுரங்க அறிக்கையைப் பார்த்துக் கடனை மறுத்துவிடலாம். ஏலத்தில் சுத்தியல் விழுந்ததும் ஒப்பந்தம் முடிந்தது. வழக்கமாக 10 சதவீதம் அன்றே கட்ட வேண்டும், பின்வாங்கினால் அது போச்சு. ஆகவே ஏலத்துக்கு முன்பே அந்த வீட்டின் ஆவணக் கட்டைப் புரட்டுங்கள். அறிக்கை இல்லையென்றால் சொந்தக் காசில் எடுங்கள், சில பத்துப் பவுண்டுதான்.

மேலே மலையில் கரிக்கழிவு மேடு இருக்கிறதா என்பதைத் தனியே பாருங்கள். 1966இல் அருகே டாஃப் பள்ளத்தாக்கில் அபர்ஃபான் மேடு சரிந்து 144 பேர் மாண்டார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். 2020 பிப்ரவரி மழையில் ரோந்தாவிலேயே டைலர்ஸ்டவுனில் ஒரு மேடு சரிந்தது. கூடுதல் கவனம் தேவைப்படும் 350 மேடுகளின் வரைபடத்தை 2023இல் வேல்ஸ் அரசு வெளியிட்டது.

இன்னொன்று: ஊரில் உங்கள் பெயரில் வீடு இருந்தால், இங்கே வாங்குவது இரண்டாம் வீடாகக் கணக்காகி, வாங்கும்போது கட்டும் வரி கூடலாம். சொலிசிட்டரிடம் மறைக்காதீர்கள்.

குடிபோனபின் சுவரில் படிக்கட்டுபோல விரிசல் ஏறினால், கதவு சட்டத்தில் இறுகினால், உடனே கொத்தனாரை வைத்துப் பூசிவிடாதீர்கள். தேதியோடு படமெடுத்து, பழைய நிலக்கரிச் சுரங்கங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான கோல் அத்தாரிட்டிக்கு எழுதுங்கள். 2024இலிருந்து அதன் பெயர் மைனிங் ரெமெடியேஷன் அத்தாரிட்டி. காரணம் நிலக்கரிச் சுரங்கம்தான் என்றானால், 1991 சட்டப்படி பழுதுபார்ப்பு அவர்கள் பொறுப்பு. சேதம் தெரிந்த நாளிலிருந்து ஆறு வருடத்துக்குள் எழுத வேண்டும்.