சாவி வாட்ச் நல்லதா? ஐந்து நாள் எழுதிப் பாருங்கள்

இரண்டு சாவி கொடுக்கும் வாட்சில் எது நம்பகமானது என்று பார்க்க, தினமும் காலை ஒரே நேரத்தில் முழுச் சாவி கொடுத்து, மொபைல் நேரத்தோடு எத்தனை நொடி வித்தியாசம் என்று ஐந்து நாள் குறித்து வையுங்கள். தினம் 15 நொடி சீராக முந்தும் வாட்ச், ஒருநாள் 2 நொடி முந்தி மறுநாள் 10 நொடி பிந்தும் வாட்சைவிட மேல்.

காரணம் எளிது. சீரான பிழையை உள்ளே இருக்கும் ரெகுலேட்டரை, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன நெம்பை, கொஞ்சம் நகர்த்தியே சரிசெய்துவிடலாம்; சேலம் கடைவீதியில் வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுத்தால் சின்ன வேலைதான். மாறி மாறி ஓடுவதற்கோ காய்ந்த எண்ணெய், தேய்ந்த பாகம் என்று பெரிய காரணம் இருக்கும், கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிவரும். பழைய எச்எம்டி ஜனதா வாங்கும் முன் இதைப் பார்ப்பது ரொம்ப முக்கியம்.

இரவில் எப்போதும் ஒரே வாக்கில் வையுங்கள். படுக்க வைத்தால் ஒரு வேகம், செங்குத்தாக நிற்க வைத்தால் வேறு வேகம். இடையில் ஏற்காட்டுக் குளிரில் தங்கினால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால் இந்தக் கணக்கு உதவாது. ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துக் காந்தம் ஏறியிருக்கலாம், முதலில் அதை நீக்குங்கள். பேட்டரி வாட்சுக்கும் இந்த ஐந்து நாள் கணக்கு பொருந்தாது.