குடல் ஆர்கனாய்டு வளக்குறவங்க தவிர்க்க வேண்டிய தப்புங்க

சவுத் ஆப்பிரிக்கால டர்பன், மாரிட்ஸ்பர்க் பக்கம் நம்ம வீட்டுப் புள்ளைங்க நெறைய பேரு இப்போ பயோடெக்னாலஜி, மெடிக்கல் சயின்ஸ்னு போறாங்க, அதுல சில பேரு குடல் ஆர்கனாய்டு, அதாவது குடல் செல்லுலேர்ந்து லேப்ல வளக்குற குட்டிக் குடல் மாதிரி உருண்டை, அந்த வேலையையும் எடுக்குறாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. அவங்களுக்காகவும், புள்ள லேப்ல என்னதான் பண்ணுதுன்னு கேக்குற வீட்டுப் பெரியவங்களுக்காகவும் இத எழுதுறேன். செல்லு நல்லா வளருதுங்கறது ஒரு விஷயம், அது குடல் மாதிரி வேலை செய்யுதுங்கறது வேற விஷயம். ரெண்டையும் ஒண்ணா நெனைச்சிக்கிறதுலதான் பெரும்பாலான தப்பு ஆரம்பிக்குது.

2009ல நெதர்லாந்து ஊட்ரெக்ட்ல ஹான்ஸ் க்ளெவர்ஸ் லேப்ல, தோஷிரோ சாட்டோ எலிக்குடல்லேர்ந்து எல்ஜிஆர்5ங்குற அடையாளப் புரதம் (மார்க்கர்) இருக்குற ஒத்த ஸ்டெம் செல்ல (மத்த குடல் செல்லயெல்லாம் உண்டாக்குற மூலச் செல்லு) எடுத்து, மேட்ரிஜெல்ங்குற ஜெல்லுக்குள்ள வெச்சு, ஈஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பாண்டின்னு வளர்ச்சிக்கு ஒதவுற புரதங்களக் குடுத்து, குழியும் மேடுமா ஒரு குட்டிக் குடலயே வளத்துக் காட்டுனாரு. 2011ல மனுஷக் குடலுக்கும் வழி வந்துச்சு, ஆனா மனுஷ செல்லுக்கு அது போதல, வின்ட்ங்குற புரதம், நிக்கோட்டினமைடு, எஸ்பி202190ங்குற ரசாயனம்னு இன்னும் சிலது சேக்க வேண்டியதாச்சு. இங்கதான் மொத தப்பு. இந்த மீடியம் (செல்லு வளர்ற திரவம்) செல்ல ஸ்டெம் செல்லாவே வெச்சிருக்கறதுக்குத்தான் இருக்கு, அதுல கெடக்குற வரைக்கும் ஆர்கனாய்டு மெல்லிசு சுவரோட பலூனா பெருசாயிட்டே போகும், பாக்க அழகா இருக்கும், ஆனா சர்க்கரைய ஒடைக்குற சுக்ரேஸ் என்சைம், சளி சுரக்குற கோப்லெட் செல்லு எல்லாம் ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும். அதே நெலமையில வெச்சு "சத்து உறிஞ்சுறத அளந்தேன்"னு எழுதுனா அந்த டேட்டாவ நம்ப முடியாது. வின்ட்ட, நிக்கோட்டினமைட, எஸ்பி202190ய எல்லாம் எடுத்துட்டு சில நாள் விடணும், சுவரு தடிமனாகும், வளர்ச்சி கொறையும், அதுக்கு பயப்படக்கூடாது, அப்பத்தான் அது குடலாகுது. சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் என்சைம், சளியோட எம்யூசி2 புரதம் மாதிரி மார்க்கர் வந்திருக்கான்னு பாத்துட்டுதான் பரிசோதனையவே தொடங்கணும்.

அடுத்தது எந்தப் பக்கம் எங்க இருக்குங்கற கொழப்பம், இதப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நல்ல நல்ல ஆளுங்களே இதுல மாட்டுறாங்க. ஆர்கனாய்டு மூடுன உருண்டை. நம்ம சாப்பாடு தொடுற பக்கம் அதுக்கு உள்ள இருக்கு, ரத்தத்தப் பாத்த பக்கம் வெளிய இருக்கு. நீங்க மீடியத்துல மருந்தோ கிருமியோ போட்டா அது ரத்தப் பக்கத்துலதான் படுது, வாய் வழியா வந்த மாதிரி ஆகவே ஆகாது, அப்புறம் "இந்த பாக்டீரியா ஒண்ணும் செய்யல"ன்னு முடிவெழுதுறாங்க. வழி இருக்கு: நுண்ணூசியால உள்ள செலுத்தலாம், ஆர்கனாய்ட ஒடைச்சு டிரான்ஸ்வெல்ங்குற சின்னச் சின்ன ஓட்டை இருக்குற மெம்பரேன்ல ஒத்த அடுக்கா விரிச்சு வளக்கலாம், இல்லன்னா 2019ல ஸ்டான்ஃபோர்டுல காட்டுன மாதிரி ஜெல்ல எடுத்துட்டு மெதக்க விட்டா சட்டைய உள்ள வெளியா திருப்புற மாதிரி உள்பக்கம் வெளிய வந்துரும். மூடுன உருண்டையா இருக்கறதே சில நேரத்துல ஒதவியும் பண்ணும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ங்குற பரம்பரை நோய்க்கான சோதனைல ஃபோர்ஸ்கோலின்ங்குற ரசாயனம் குடுத்தா, சிஎஃப்டிஆர்ங்குற செல்லோட உப்பு வாசல் (சேனல்) தொறந்து குளோரைடு உள்ள போகும், பின்னாடியே தண்ணியும் போகும், உருண்டை வீங்கும். நோயாளியோட ஆர்கனாய்டு சரியா வீங்காது. 2013ல நெதர்லாந்துல வந்த இந்த முறைல எந்த மருந்து யாருக்கு வேலை செய்யும்னு அவங்க சொந்த செல்லுலயே பாக்க முடியுது.

குடல்ல எந்த எடத்துலேர்ந்து எடுத்தோம்ங்கறதையும் மறக்கக்கூடாது. பெரியவங்க திசுவுலேர்ந்து வளத்த ஆர்கனாய்டு தன் எடத்த ஞாபகம் வெச்சிருக்கும். பித்த அமிலத்த திரும்ப உறிஞ்சுற வேலை சிறுகுடலோட கடைசிப் பகுதியான இலியம் பக்கம் நடக்குறது, அத பெருங்குடல்லேர்ந்து எடுத்த திசுத் துண்டுல (பயாப்சி) வளத்ததுல தேடுனா கெடைக்காது.

ஒரே ஆளு திசுவுல நாப்பது உருண்டைய எண்ணி "நாப்பது சாம்பிள்"னு போடுறது எனக்கு ரொம்பக் கவலை தர்ற பழக்கம். ஆளு ஒண்ணுதான், அதனால சாம்பிளும் ஒண்ணுதான். ஆளுக்கு ஆளு எவ்ளோ மாறும்ங்கறதுக்கு வாந்தி, வயித்துப்போக்கு வரவைக்குற நோரோவைரஸ் நல்ல உதாரணம். 2016ல அமெரிக்காவுல மேரி எஸ்டஸ் குழு மொத தடவையா அத மனுஷக் குடல் ஆர்கனாய்டு செல்லுல வளத்தப்போ, சில வகைக்கு பித்தநீர் வேணும்னு தெரிஞ்சுச்சு, பரவலா இருக்குற ஜிஐஐ.4 வகை செக்ரீட்டர்ங்குற மரபுத் தன்மை இல்லாதவங்க செல்லுல வளரல. தப்பான ஒரே ஆள எடுத்திருந்தா "இந்த வைரஸ் வளராது"ன்னே முடிவாயிருக்கும்.

சவுத் ஆப்பிரிக்காவுக்கு இது வெறும் புத்தக விஷயம் கெடையாது. 2009ல ஆப்பிரிக்காலயே மொதல்ல ரோட்டாவைரஸ் தடுப்பூசிய தேசியத் திட்டத்துல சேத்தது இந்த நாடு. 2010ல வெளிவந்த சோதனைல ரோட்டாவைரஸால வர்ற கடுமையான வயித்துப்போக்கத் தடுக்குறதுல அது சவுத் ஆப்பிரிக்கால 76.9 சதவீதம், மலாவில 49.4 சதவீதம் பலன் குடுத்துச்சு. ஏன் இவ்ளோ வித்தியாசம்னு ஆர்கனாய்ட வெச்சு கண்டுபுடிச்சிரலாம்னு ஆசை வரும். நியாயமான ஆசைதான், ஆனா சாதாரண ஆர்கனாய்டுல எபித்தீலியம் (குடலோட உள்பக்கச் செல்லு அடுக்கு) மட்டும்தான் இருக்கு, நோய் எதிர்ப்பு செல்லு, நரம்பு, குடல் பாக்டீரியா, தாய்ப்பால்ல வர்ற ஆன்டிபாடி ஒண்ணும் இல்ல. செல்லுக்குள்ள வைரஸ் எப்படி நொழையுதுன்னு அதுகிட்ட கேக்கலாம், தடுப்பூசி ஏன் பலிக்கலன்னு அதுகிட்ட மட்டும் கேக்க முடியாது.

நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்குறது மஞ்சள், வெந்தயம் இதயெல்லாம் போட்டு பாக்கலாமான்னு. தாராளமா பாக்கலாம், ஆனா அரைச்ச சாற நேரா செல்லு மேல ஊத்தாதீங்க. நெசத்துல அது வயித்து அமிலம், என்சைம், பித்தநீர் எல்லாம் தாண்டித்தான் குடலுக்கு வருது, அதனால மொதல்ல 2014ல வந்த இன்ஃபோஜெஸ்ட்ங்குற லேப் செரிமான முறை மாதிரி செரிக்க வெச்சு, பித்தநீர் செல்லக் கொல்லாத அளவுக்கு நீர்க்கப் பண்ணித்தான் குடுக்கணும். மஞ்சளோட குர்குமின் தானே பச்சையா ஒளிரும், நீங்க குடல் கசிவ அளக்க பச்சை சாயம் போட்டிருந்தா எது சாயம் எது மஞ்சள்னு தெரியாம போயிரும், மஞ்சள் மட்டும் போட்டு சாயம் போடாத ஒரு கன்ட்ரோல் கட்டாயம் வையுங்க.

கை வேலைன்னு பாத்தா மேட்ரிஜெல் சூட்டுல சட்டுனு கெட்டியாயிரும், டர்பன் வெயில்ல ஏசி சரியில்லாத ரூம்ல பிப்பெட் டிப்பையும் முன்னாடியே ஃபிரிட்ஜுல வெச்சு ஐஸ் மேலயே வேலை பாக்கணும். ஒத்த செல்லா பிரிச்சப்போ சாகாம இருக்க ஒய்-27632ங்குற ரசாயனத்தப் போடுங்க. செல்லுல கண்ணுக்குத் தெரியாம கலந்துர்ற மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான டெஸ்ட ஒத்திப் போடாதீங்க. லோட் ஷெட்டிங்க சாதாரணமா எடுத்துக்காதீங்க, கரன்ட் போனா இன்குபேட்டர்ல சூடு மட்டும் கொறையாது, கார்பன் டை ஆக்சைடும் எறங்கி மீடியம் காரமாகி ஊதாவா மாறும். யூபிஎஸ் இருந்தாலும் எந்த நேரம் எவ்ளோ நேரம் போச்சுன்னு நோட்டுல எழுதணும், இல்லன்னா அடுத்த மாசம் ரெண்டு பேட்ச் ஏன் ஒத்துப்போகலன்னு யாராலயும் சொல்ல முடியாது. திசு குடுத்தவங்க சேமிச்சு வெக்கறதுக்கும் சேத்து சம்மதிச்சாங்களான்னு பாத்துட்டு, மொத சில பாசேஜ்லயே (செல்லப் பிரிச்சு புதுசா வளக்குற ஒவ்வொரு சுத்தும் ஒரு பாசேஜ்) கொஞ்சத்த லிக்விட் நைட்ரஜன்ல போட்டு வையுங்க, டப்பா மேல டோனர் (திசு குடுத்தவங்க) கோடு, குடல்ல எந்தப் பகுதி, எத்தனாவது பாசேஜ், தேதி நாலும் இருக்கட்டும்.