காருக்குப் பரிசு வாங்கும் முன் மூன்று படங்கள் கேளுங்கள்

ஊரில் தம்பி கார் வாங்கிவிட்டான் என்று தெரிந்ததும், இந்த முறை காருக்கு உபயோகமாக ஏதாவது கொண்டு போகலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் கார்ச் சாமான் சட்டை மாதிரி இல்லை. சேராத சட்டையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். சேராத கார்ச் சாமானை, நம் மனம் நோகக்கூடாதே என்று அவர்கள் எப்படியாவது பொருத்திக்கொண்டு ஓட்டுவார்கள். எனக்குப் பெரிய கவலையே அதுதான்.

கனடாவிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரு முறை ரப்பர் மேட் கொண்டு போனேன். இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், ஊரில் வலப்பக்கம். ஓட்டுநர் பக்கத்து மேட் கால்மிதிகளுக்கு ஏற்றபடி வெட்டப்பட்டிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் ஆசையாகப் பழைய மேட்டின் மேலேயே அதை விரித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனபோதுதான் கவனித்தேன்: மேட் முன்னால் நகர்ந்து ஆக்ஸிலேட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்றைய பயம் இன்னும் போகவில்லை. வெறும் மேட்தானே என்று நினைக்காதீர்கள். மேட்டில் ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொள்ளும் ஆபத்துக்காக 2009-இல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

அதனால் பெட்டி கட்டுவதற்கு முன்பே வாட்ஸ்ஆப்பில் மூன்று படங்கள் கேட்டு வாங்குங்கள். காரின் உட்புறம் ஒன்று, 12 வோல்ட் சாக்கெட் ஒன்று, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் டயர் காற்றளவுச் சீட்டு ஒன்று. பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இடம் வலம் பிரச்சினை கிடையாது. அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வேயிலிருந்து போகிறவர்களுக்கு உண்டு. ஹெட்லைட் தொகுப்பு வாங்கவே வேண்டாம். வலப்பக்கம் ஓடும் நாட்டு விளக்கின் ஒளி வலது ஓரம் பார்த்து எழும்பும். ஊர்ச் சாலையில் அது எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும்.

சரி, எதைக் கொடுக்கலாம்? என்னைக் கேட்டால் முதல் இடம், சாக்கெட்டில் செருகி ஓட்டும் சின்ன காற்று பம்புக்கு. பேட்டரி இல்லை, அதனால் விமானத்தில் தொல்லை குறைவு. காற்றழுத்தத்தை, டயர் சீட்டில் உள்ள மாதிரி, பிஎஸ்ஐ என்ற அளவில் காட்டுகிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் சில பம்புகள் பார் கணக்கில் மட்டும் காட்டும் (1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ). வயர் பின் டயர் வரை எட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் பெரும்பாலும் அதே வால்வுதான் என்பதால் வீட்டில் இருக்கும் எல்லா வண்டிக்கும் ஆகும்.

ஒளி பட்டால் மின்னும் எச்சரிக்கை முக்கோணமும் மேலங்கியும் அடுத்தது. எடை குறைவு. இரவில் வழியில் டயர் பஞ்சராகி ஸ்டெப்னி மாற்றும்போது உயிர் காக்கக்கூடியவை.

கார் பேட்டரி இறங்கினால் கிளப்ப உதவும் ஜம்ப் ஸ்டார்ட்டர் நல்ல பொருள், ஆனால் உள்ளே லித்தியம் பேட்டரி. பவர் பேங்க் மாதிரியே அதையும் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக்கூடாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-அவர் வரை இருந்தால் பொதுவாக அனுமதி உண்டு, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் கூடாது. மில்லி ஆம்பியர்-அவர் (mAh) மட்டும் போட்டிருந்தால் 1000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள்: 20,000 என்றால் 74 வாட்-அவர். அளவே அச்சிடப்படாத பொருளை வாங்காதீர்கள். சில நிறுவனங்களின் விதி இன்னும் கடுமை, அதனால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தீயணைப்பான், டயருக்கு அடிக்கும் ஸ்பிரே, எளிதில் தீப்பற்றும் கிளீனர் இவற்றைப் பயணி விமானத்தில் கொண்டு போகவே முடியாது. அவற்றை ஊரில் வாங்கிக் கொடுங்கள்.

டேஷ் கேமரா வாங்கினால் லித்தியம் பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சற்று நேரம் சேமிக்கும் பாகம்) வைத்ததாகப் பாருங்கள். வெயிலில் பூட்டி நிற்கும் காரின் சூட்டில் பேட்டரி உப்பிவிடும். நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு உள்ளே விரிக்கும் வெயில் மறைப்பு நல்லது. பக்கக் கண்ணாடியை மூடும் திரையோ கறுப்பு ஃபிலிமோ வேண்டாம்: இந்தியாவில் முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளி விட வேண்டும் என்பது விதி. சீட் உறையும் அப்படித்தான். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் இருக்கும் காரில், தவறான உறை அதை விரியவிடாது.

குழந்தை இருக்கும் வீடு என்றால் குழந்தை இருக்கையைவிடச் சிறந்த பரிசு எனக்குத் தெரியாது. இந்தியாவில் 2019 திருத்தச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு அமைப்போ கட்டாயம். ஆனாலும் பல வீடுகளில் குழந்தை இன்னமும் மடியில்தான் போகிறது. பின் சீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கி (குழந்தை இருக்கையை நேராகக் காரோடு மாட்டும் கொக்கி) இருக்கிறதா, இல்லாவிட்டால் தோளிலிருந்து வரும் பெல்ட்டாவது இருக்கிறதா என்று அந்த உட்புறப் படத்தில் தேடுங்கள். நம் பிள்ளைகள் உட்கார்ந்து வளர்ந்த பழைய இருக்கையை அன்போடு கொடுப்பவர்கள் உண்டு. காலாவதித் தேதி தாண்டியது, விபத்தில் மாட்டியது என்றால் கொடுக்கவே வேண்டாம்.

அப்புறம், பரிசு சொல்லாமல் சொல்லும் சேதியையும் யோசியுங்கள். நாற்பது வருடம் வண்டி ஓட்டிய அப்பாவிடம் பின்னால் வருவதைப் பார்க்கக் காரில் மாட்டும் கூடுதல் கண்ணாடியை நீட்டினால், உங்களுக்குக் கண் சரியில்லை என்று சொன்ன மாதிரிதான் அவருக்குப் படும். அதையே புதிதாக ஓட்டப் பழகும் தங்கைக்குக் கொடுங்கள், சந்தோஷப்படுவாள். நாள் முழுக்க வண்டி ஓட்டிப் பிழைக்கும் மாமாவுக்கு முதுகுக்கு வைக்கும் நல்ல தலையணை போதும். அவருக்கு வாசனைத் திரவம் எதற்கு?

கொடுத்த அன்றே நீங்களே பொருத்திக் காட்டுங்கள். பம்பை ஒரு டயரில் வைத்து ஓட்டுங்கள், இருக்கையைக் கட்டிக் கையால் இழுத்துப் பாருங்கள். ஆடினால் கழற்றித் திரும்பக் கட்டுங்கள், குழந்தையின் அம்மாவையும் ஒரு முறை தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.