படிப்புக்கும் பண்புக்கும் சேர்த்துத் தரும் பரிசுக்கு விண்ணப்பிப்பது எப்படி

மதிப்பெண்ணுக்கு மட்டும் தரும் பதக்கத்துக்கு விண்ணப்பமே வேண்டியதில்லை. தேர்வுப் பிரிவிலிருந்து பட்டியல் வரும், முதல் பெயரை எடுத்துக்கொள்வார்கள், முடிந்தது. நான் சொல்ல வந்தது வேறு வகை. ‘படிப்பிலும் பண்பிலும் சிறந்த மாணவருக்கு’ என்று விதியில் எழுதியிருக்குமே, அந்தப் பரிசுகள். அப்படி ஒரு பரிசின் தேர்வுக்குழுவில் பதினோரு வருடம் இருந்தேன். தகுதியான பிள்ளைகள் பலர் விண்ணப்பம் சரியில்லாததால் மட்டுமே விடுபட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது.

முதல் வேலை, விதியை ஒரு சொல் விடாமல் படிப்பது. எல்லாப் பரிசும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்து, ஒரே விண்ணப்பத்தை நாலு இடத்துக்கு அனுப்புகிறவர்கள் அதிகம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவருக்குத் தரும் மிக உயர்ந்த சிறப்பு, பைன் பரிசு. அது கேட்பது சிறந்த படிப்பு, உறுதியான குணம், பயன் தரும் தலைமை, இந்த மூன்றும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் 1925 முதல் வழங்கிவரும் ஆல்ஜெர்னான் சிட்னி சல்லிவன் விருதுக்கோ பிறருக்கான தொண்டும் மேன்மையான குணமும்தான் அடிப்படை. அதை மாணவரல்லாதவருக்கும் தருவதுண்டு. முன்னதற்கு எழுதியதை அப்படியே பின்னதற்கு அனுப்பினால் எடுபடாது. விதியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எழுதி, எதிரே ‘இதற்கு என்னிடம் என்ன இருக்கிறது’ என்று குறித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் அது உங்களுக்கான பரிசு இல்லை. வேறு பரிசைப் பாருங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எங்கள் குழுவில் அது ஒரு வாசற்படி மாதிரி. தாண்டி உள்ளே வந்த பிறகு, ஒருவர் இன்னொருவரைவிட அரைப் புள்ளி கூடுதலா என்று யாரும் கேட்டதில்லை. உள்ளே பேச்செல்லாம் குணத்தைப் பற்றித்தான்.

குணத்தை எப்படி அளப்பது? இதற்கு ஒரு பழைய பதில் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவித்தொகை ஏற்படுத்திய சிசில் ரோட்ஸ் 1902இல் இறந்தார். அவர் தன் உயிலில் 200 மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டியிருந்தார்: படிப்புக்கு 60, விளையாட்டுக்கு 40, உண்மை, துணிவு, கடமை, எளியவரிடம் பரிவு ஆகியவற்றுக்கு 60, தலைமைக்கு 40. அவருடைய காலனிய அரசியலை நான் ஏற்பவன் இல்லை. பெண்களுக்கு அந்தக் கதவு 1977இல்தான் திறந்தது என்பதும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த உயிலில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. உண்மை, துணிவு, பரிவு எல்லாம் உள்ள அந்தப் பங்குக்கு மதிப்பெண் போட வேண்டியவர்கள் ஆசிரியர்கள் இல்லை, கூடப் படிக்கும் மாணவர்கள், அதுவும் வாக்களித்து என்று எழுதியிருந்தார். ஒருவருடைய குணம் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும் என்பது சரியான கணக்கு.

ஆகவே விண்ணப்பத்தைத் தொடும் முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதை யார் பார்த்திருக்கிறார்கள்? பெரிய பதவியில் இருப்பவர்களைத் தேடாதீர்கள். நூலகர், விடுதிக் காப்பாளர், லேப் உதவியாளர், நீங்கள் பாடம் சொல்லிக்கொடுத்த ஜூனியர் என்று யாராகவும் இருக்கலாம். ஆசிரியர்தான் கடிதம் தர வேண்டும் என்று விதி இருந்தால், இவர்கள் பார்த்ததை அந்த ஆசிரியர் கேட்டறிந்து எழுதச் சொல்லலாம்.

ஒரு வருடம் வந்த விண்ணப்பம் ஒன்று இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்த மாணவர் மூன்று பக்கத்துக்குத் தான் வகித்த பொறுப்புகளை அடுக்கியிருந்தார். அதையெல்லாம் வேகமாகப் புரட்டிவிட்டோம். கூடவே லேப் உதவியாளர் ஒருவர் எழுதிய அரைப்பக்கக் கடிதம் இருந்தது, நோட்டின் ஒரு பக்க நகலோடு. மதிப்பெண் போட்டு முடித்த சோதனை அது. ஒரு வாரம் கழித்து, தராசு சரியாக அளவுதிருத்தம் செய்யப்படவில்லை என்று மாணவர் கண்டுபிடித்திருக்கிறார். நோட்டில் பழைய எண்ணை அவர் அழிக்கவில்லை. குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் புது எண், தேதி, சுருக்கொப்பம். பழைய எண்ணைக் கோட்டுக்கு அடியில் படிக்க முடிந்தது. புது எண்ணால் அவருக்குக் கிடைத்திருந்த மதிப்பெண் குறைந்தது. அப்புறம் அதே தராசைப் பயன்படுத்திய மற்ற இரண்டு குழுக்களிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். குழுவில் அந்த நகல் கைமாறிக்கொண்டே இருந்தது. அவருக்குத்தான் பரிசு. அந்த மூன்று பக்கத்தில் இந்தச் சம்பவம் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத் தக்கது என்றே அவர் நினைத்திருக்கவில்லை.

பரிந்துரைக் கடிதம் பற்றி நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குழுவில் சேரும் முன்பு ஒரு மாணவிக்காக நானே கடிதம் எழுதினேன். ‘நேர்மையானவர், கடின உழைப்பாளி, பணிவானவர்’ என்று போட்டேன். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் அந்தக் கடிதம் பொருந்தும். அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. பிறகு குழுவில் உட்கார்ந்து அப்படிப்பட்ட கடிதங்களைக் கட்டுக்கட்டாகப் படித்தபோதுதான் நான் அவருக்கு என்ன செய்தேன் என்று புரிந்தது. அதிலிருந்து, கடிதம் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கக் குறிப்பு கேட்கிறேன்.

நீங்களும் அந்தக் குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். என்ன பாடம், எந்த செமஸ்டர், நீங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை என்ன, அவர் பார்த்திருக்கக்கூடிய இரண்டு மூன்று சம்பவங்கள். புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட வேண்டாம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது எழுதுபவர் முடிவு. பரிசின் விதியையும் கடைசித் தேதியையும் மேலே எழுதிவிடுங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னால் போய்க் கேளுங்கள். கேட்கும்போது, ‘எழுதித் தருவீர்களா’ என்பதோடு நிறுத்தாமல், ‘என்னைப் பற்றி நிறைவாக எழுத முடியும் என்று தோன்றினால் மட்டும் எழுதுங்கள், இல்லையென்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்’ என்று சேர்த்துக் கேளுங்கள். மனமில்லாமல் எழுதிய கடிதத்தைவிட மறுப்பே உங்களுக்கு நல்லது.

விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரையில் ஒரே சம்பவம் போதும். அதை நன்றாகச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, என்ன செய்தீர்கள், அதனால் உங்களுக்கு என்ன இழப்பு. இழப்பைச் சொல்வது முக்கியம். எதுவும் செலவாகாத நல்ல செயலை வைத்துக் குழுவால் எதையும் தீர்மானிக்க முடியாது. கூட்டாகச் செய்ததை ‘நான்’ என்று எழுதாதீர்கள். ஐந்து பேர் செய்த புராஜெக்டை இரண்டு விண்ணப்பதாரர்கள் தனித்தனியே தன்னுடையது என்று எழுதி, இரண்டும் ஒரே நாள் எங்கள் மேஜைக்கு வந்திருக்கின்றன. இரண்டையும் ஒதுக்கி வைத்தோம். ‘நாங்கள் செய்தோம், அதில் என் பங்கு இது’ என்று எழுதினால் யாரும் உங்களைக் குறைத்து மதிப்பிடப் போவதில்லை.

ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது பதிவாகியிருந்தால் மறைக்க வேண்டாம். குணத்துக்குத் தரும் பரிசு என்பதால் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் குழுக்கள் உண்டு. நடந்ததை மூன்று வரியில், சாக்கு இல்லாமல், அதற்குப் பிறகு என்ன மாறியது என்பதோடு எழுதுங்கள். ஒரு செமஸ்டரில் மதிப்பெண் சரிந்திருந்தாலும் அப்படியே.

நேர்காணல் இருந்தால் மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். எழுதியதை ஒருமுறை படித்துவிட்டுப் போனால் போதும். ‘உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பது நான் வழக்கமாகக் கேட்ட கேள்வி. அந்த இன்னொருவரின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல முடிந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் இரண்டு பேர் தேறுவார்கள். அவர்களைப் பற்றித்தான் கடைசிவரை பேசிக்கொண்டிருப்போம்.

முடிவு வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கடிதம் தந்தவர்களுக்கு அன்றே சொல்லிவிடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள், கடிதம் எழுதியவர் காத்துக்கொண்டிருப்பார். பரிசு யாருடைய நினைவாகவாவது ஏற்படுத்தியது என்றால், அந்தக் குடும்பத்துக்கும் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் முகவரி உங்களிடம் இருக்காது. பரிசைக் கவனிக்கும் அலுவலகத்தில் கொடுத்தால் சேர்த்துவிடுவார்கள்.