ஆர்சி விமானம் பறக்கவிடத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைதானத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆர்சி விமானத்தை, அதாவது ரேடியோ மூலம் இயக்கும் மாடல் விமானத்தை, உடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கட்டியிருப்பார்கள். ஒட்டிய இடத்தில் பிசிறு தெரியாது, ஸ்டிக்கர்கூட நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். கையிலிருந்து விட்ட சில விநாடிகளில் எல்லாம் தரையில் கிடக்கும். நான் தொடங்கிய காலத்தில் என் விமானங்கள் எதனால் விழுந்தனவோ, பெரும்பாலும் அதே காரணங்களால்தான் இன்றும் விழுகின்றன.

பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறப்பது, பலமான காற்றில் பறக்கவிடுவது, மரத்தோரம் போவது, முதல் விமானமாகவே போர் விமான மாடலை வாங்குவது இதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவற்றை ஒருமுறை பட்டால் யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். விழுந்த பிறகும் எதனால் விழுந்தது என்று பிடிபடாத தவறுகள் சில இருக்கின்றன. வேறு எதன் மேலாவது பழியைப் போட்டுவிட்டு அடுத்த விமானத்தையும் அதே மாதிரி உடைப்பார்கள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

வால் கனமாக இருக்கும் விமானத்தைப் பறக்கவிடுவது

"சிக்னல் கட் ஆயிடுச்சு அண்ணா." வால் கனமான விமானத்தை இழந்தவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ட்ரான்ஸ்மிட்டரில் (கையில் பிடிக்கும் ரிமோட்டில்) ஸ்டிக்கை முன்னால் தள்ளினார்கள், விமானம் கேட்கவில்லை. பின்னால் இழுத்தார்கள், அளவுக்கு மீறிக் கேட்டது. கையில் இருப்பவருக்கு அது ரேடியோ கோளாறு மாதிரியேதான் தெரியும். அப்புறம் விமானத்தில் சிக்னலை வாங்கும் ரிசீவரைப் புதிதாக வாங்குவார்கள், ஆன்டெனாவை இடம் மாற்றுவார்கள். பேட்டரி இருந்த இடத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான்.

ஒரு தம்பியின் விமானம். மேலே இறக்கை வைத்த நல்ல ட்ரெய்னர் (பழகுகிறவர்களுக்கான விமானம்), அவனே ஃபோம் போர்டில் வெட்டிக் கட்டியது. கையால் விட்டதும் மூக்கு மேலே எழும்பியது, நின்றது, இடது இறக்கை சரிந்தது, சுழன்று விழுந்தது. துண்டுகளைப் பொறுக்கும்போது பார்த்தேன். மூக்கில் இருக்க வேண்டிய பேட்டரி, பின்னால் சர்வோக்களுக்கு (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்களுக்கு) பக்கத்தில் கிடந்தது. விழுந்த வேகத்தில் எல்லாம் முன்னால்தான் பாய்ந்திருக்க வேண்டும், ஆகவே அது முன்பே அங்கேதான் இருந்திருக்கிறது. கேட்டேன். பேட்டரியின் எக்ஸ்டி60 கனெக்டரும் அதன் தடித்த ஒயரும் முன்பக்க இடத்தை அடைத்துக்கொண்டதால் மூடி சரியாக மூடவில்லை. பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன், மூடிவிட்டது என்றான். "வீட்டில் பேலன்ஸ் பார்த்தாயா?" "பார்த்தேன் அண்ணா, கரெக்டா இருந்தது." பார்த்தது உண்மைதான். மூடியைத் திறந்து வைத்து, பேட்டரியை முன்னால் வைத்துப் பார்த்திருக்கிறான்.

"கொஞ்சம்" பின்னால் தள்ளினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த எடை 900 கிராம், அதில் 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் பேட்டரி 180 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியை 5 செ.மீ. பின்னால் நகர்த்தினால் விமானத்தின் ஈர்ப்பு மையம், அதாவது சிஜி, சரியாக 1 செ.மீ. பின்னால் போகும். இறக்கையின் அகலம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 20 செ.மீ. என்றால் அது 5 சதவீதம். 10 செ.மீ. நகர்ந்தால் 10 சதவீதம். நன்றாகப் பறக்கும் விமானத்துக்கும் பறக்கவே முடியாத விமானத்துக்கும் இடையில் இருப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

காரணம் இதுதான். ஒவ்வொரு விமானத்துக்கும் நடுநிலைப் புள்ளி என்று ஒன்று உண்டு. பறக்கும்போது காற்று இடித்து மூக்கு லேசாக மேலே எழும்புகிறது என்றால், அதனால் கூடுகிற தூக்குவிசை அந்தப் புள்ளியில் வேலை செய்கிறது. சிஜி அதற்கு முன்னால் இருந்தால், கூடுதல் விசை வால் பக்கத்தைத் தூக்கி மூக்கை இறக்கிவிடும். விமானம் தானாகவே நேராகும். சிஜி அந்தப் புள்ளிக்குப் பின்னால் போய்விட்டால், அதே விசை மூக்கை இன்னும் தூக்கும். தூக்கத் தூக்க இன்னும் தூக்கும். ஒவ்வொரு விநாடியும் நீங்கள்தான் பிடித்து நிறுத்த வேண்டும், அந்த வேகத்துக்கு யார் விரலும் ஈடு கொடுக்காது.

மூக்கு கனமாக இருந்தால் இந்த ஆபத்து இல்லை. மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரைக் கொஞ்சம் மேலே ட்ரிம் செய்ய (நிலையாகத் தூக்கி வைக்க) வேண்டியிருக்கும், வேகமாக இறங்கும், பறப்பதும் மந்தமாக இருக்கும். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். அதனால் சந்தேகம் வந்தால் மூக்குப் பக்கமே சாயுங்கள். வால் உள்ள சாதாரண ட்ரெய்னருக்கு, முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் சிஜி இருக்க வேண்டும். 20 செ.மீ. இறக்கைக்கு அது 5 முதல் 6.6 செ.மீ. முதல் பறப்புக்கு 25-ஐ ஒட்டியே வையுங்கள். வால் இல்லாத பறக்கும் இறக்கை வகை என்றால் கணக்கே வேறு. சராசரி அகலத்தில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், சில மில்லிமீட்டர் தவறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையில் உடலோடு சேரும் இடத்தில் வெறுமனே கால் பங்கு அளந்து குறி போடுகிறவர்களும் உண்டு. அது தப்பு. அதற்குச் சராசரி அகலத்தையும் அது விழும் இடத்தையும் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது வரைபடத்தில் கொடுத்திருக்கும் அளவைப் பின்பற்ற வேண்டும்.

பேலன்ஸ் பார்க்கும்போது பறப்பதற்குத் தேவையான எல்லாமே விமானத்தில் இருக்க வேண்டும். ப்ராப் (புரொப்பல்லர்), அதன் நடுவில் மாட்டும் ஸ்பின்னர், சக்கரம், கேமரா, மூடி, அன்றைக்குப் போடப்போகும் அதே பேட்டரி. இறக்கைக்கு அடியில் குறித்த இடத்தில் இரண்டு விரலை வைத்துத் தூக்குங்கள். இறக்கை கீழே உள்ள விமானமாக இருந்தால் கவிழ்த்துப் பிடித்துத் தூக்குங்கள். மூக்கு இம்மி கீழே சாய்ந்தால் நல்லது. பேட்டரி நிற்கும் இடம் சரி என்று தெரிந்ததும், அதன் பின்பக்கத்தில் ஒரு ஃபோம் துண்டை நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். இனிமேல் அது பின்னால் போகவே முடியாது. வெல்க்ரோவை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் அதன் பசை இளகும், மேலே ஏறும்போது பேட்டரி மெல்ல நழுவும். வெல்க்ரோவோடு ஒரு வாரும் கட்டுங்கள். 2200 பேட்டரியில் பேலன்ஸ் பார்த்துவிட்டு, அடுத்த பறப்புக்கு 1300 பேட்டரியை அதே இடத்தில் வைத்தால் மூக்கு இலேசாகிவிடும். அதற்குத் தனியாகப் பார்த்துத் தனிக் குறி போட வேண்டும்.

இன்னொரு வழியாகவும் வால் கனம் கூடுகிறது, அது இன்னும் நயவஞ்சகமானது. பழுதுபார்ப்பு. வால் உடையும், ஹாட் க்ளூ போடுவோம். மறுபடி உடையும், டேப் சுற்றுவோம், மூங்கில் குச்சி வைப்போம். சிஜியிலிருந்து வால் 60 செ.மீ. தள்ளியும் மூக்கு 20 செ.மீ. தள்ளியும் இருந்தால், வாலில் சேர்த்த ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் 3 கிராம் வைத்தால்தான் சமமாகும். 15 கிராம் பசைக்கு 45 கிராம் எடை. ஆகவே வால் பக்கம் எதை ஒட்டினாலும் மறுபடி தூக்கிப் பாருங்கள்.

காற்றில் போன பிறகுதான் தெரிகிறது என்றால்? த்ராட்டிலைக் (மோட்டார் வேகத்தை) குறைக்காதீர்கள், வேகம்தான் கொஞ்சமாவது காப்பாற்றும். எலிவேட்டரை நகக்கண் அளவுக்கு மட்டும் அசையுங்கள். ஸ்டிக்கை அசைத்தால் மடல் குறைவாக அசையும்படி செய்யும் லோ ரேட் சுவிட்ச் வைத்திருந்தால் போடுங்கள். அகலமாக ஒரு வட்டம் அடித்து, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகத்தோடு இறக்குங்கள். இறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைத்தால் அங்கேயே புரண்டுவிடும்.

ஒழுங்காகப் பறக்கிறது என்றாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். நல்ல உயரத்தில் மோட்டாரை நிறுத்தி, 45 டிகிரியில் மூக்கை இறக்கி, ஸ்டிக்கை விடுங்கள். மெல்லத் தானாக நிமிர்ந்தால் சிஜி நன்றாக இருக்கிறது. வெடுக்கென்று நிமிர்ந்தால் மூக்கு கனம். நிமிராமல் மேலும் மேலும் கவிழ்ந்தால் வால் கனம், உடனே ஸ்டிக்கைப் பிடித்து நிமிர்த்துங்கள். த்ராட்டில் கொடுக்கும்போது மட்டும் மூக்கு எழும்புகிறது, மோட்டார் நின்றால் சரியாக மிதக்கிறது என்றால் அது சிஜி பிரச்சினையே இல்லை. மோட்டாரை ஒன்றிரண்டு டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள்.

எய்லரான் தலைகீழாக வேலை செய்வது

விமானத்தை இடம் வலம் சாய்க்கும் இறக்கை மடல்கள்தான் எய்லரான். சர்வோ அசைகிறதா என்று பார்க்கிறார்கள், எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பதில்லை. விமானத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளுங்கள். வலது எய்லரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். மாறி வேலை செய்தால், கையை விட்டு விமானம் போன கணத்தில் நீங்கள் சரிசெய்யச் சரிசெய்ய அது இன்னும் சரியும். கட்டைவிரலை மேலே நீட்டி ஸ்டிக்கைப் பிடித்துச் சாய்த்தால், விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க எய்லரான் மேலே இருக்க வேண்டும். மறக்காமலிருக்க இது போதும். ட்ரான்ஸ்மிட்டரில் வேறு மாடல் நினைவகம் தேர்வாகியிருந்தாலும் இப்படி ஆகும். அதனால் ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒருமுறை பாருங்கள்.

பெரிய ப்ராப் போட்டால் இன்னும் வேகமாகப் போகும் என்று நினைப்பது

10 அங்குலத்துக்குப் பதில் 11 அங்குலம், ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். அதே சுற்று வேகத்தில் ப்ராப் இழுக்கும் சக்தி, விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏறுகிறது. 1.1-ஐ நான்கு முறை பெருக்கினால் 1.46. நிஜத்தில் சுற்று கொஞ்சம் குறைவதால் முழு 46 சதவீதம் கூடாது, ஆனாலும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சியை வேக வைக்க அதுவே போதும். 3எஸ்ஸுக்குப் பொருத்திய ப்ராப்பை வைத்துக்கொண்டே 4எஸ் பேட்டரி மாட்டுவதும் இதே கதைதான். வாட் மீட்டர் ஒன்று வாங்கி, முழு த்ராட்டிலில் எத்தனை ஆம்பியர் போகிறது என்று தரையிலேயே பார்த்துவிடுங்கள். இஎஸ்சியின் அளவில் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கட்டும்.

ப்ராப்பைத் திருப்பி மாட்டுவது

எண் எழுதிய பக்கம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். மோட்டார் கத்துகிறது, விமானம் இழுக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

லிப்போவை முழுச் சார்ஜில் வைத்துவிட்டு மறந்துபோவது

ஞாயிற்றுக்கிழமை பறக்கலாம் என்று லிப்போவை (லித்தியம் பாலிமர் பேட்டரியை) முழுசாக ஏற்றி வைப்போம், மழை வரும், பேட்டரி செல்லுக்கு 4.2 வோல்ட்டில் வாரக்கணக்கில் கிடக்கும். அப்படிக் கிடந்தால் உள்மின்தடை ஏறும், சில சமயம் உப்பும். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில்தான் வைக்க வேண்டும். சார்ஜரிலேயே அதற்கு ஸ்டோரேஜ் முறை இருக்கும். பாதிப்பு உடனே தெரியாது. சில மாதம் கழித்து, முழு த்ராட்டிலில் ஏறும்போது வோல்டேஜ் சட்டென்று சரிந்து, இஎஸ்சி மோட்டாரை நிறுத்திவிடும். கீழே வந்ததும் அளந்தால் வோல்டேஜ் நன்றாகவே காட்டும். இஎஸ்சி கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள். உப்பிய பேட்டரியை இன்னொரு முறை சார்ஜ் போடவே வேண்டாம்.

பிஇசியின் சுமையைக் கணக்கில் எடுக்காதது

ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பகுதிதான் பிஇசி. விலை குறைந்த இஎஸ்சிகளில் பெரும்பாலும் லீனியர் பிஇசிதான் இருக்கும். பேட்டரி வோல்டேஜை 5 வோல்ட்டாகக் குறைக்க, மிச்சத்தை அது சூடாக்கித்தான் கழிக்கும். 3எஸ்ஸில் சமாளித்தது 4எஸ்ஸில், கூடவே நான்கைந்து சர்வோவும் சேர்ந்தால், சூடேறி நின்றுவிடும். அது நின்றால் ரிசீவர் செத்துவிடும். உண்மையிலேயே கட்டுப்பாடு போவது இங்கேதான், ஆனால் ரேடியோவால் இல்லை. 4எஸ்ஸுக்கோ அதற்கு மேலோ போனால் ஸ்விட்சிங் பிஇசி உள்ளதை வாங்குங்கள், அல்லது தனியாக ஒன்று போடுங்கள்.

மேசை மேல் ப்ராப்போடு செட்டிங் செய்வது

கழற்றிவிடுங்கள். விரல் போனால் வராது.

ஃபெயில்சேஃப் பார்க்காதது

சிக்னல் போனால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்புதான் ஃபெயில்சேஃப். ப்ராப்பைக் கழற்றி, மோட்டாரை மெல்ல ஓடவிட்டு, ட்ரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் அமைப்பை மாற்றும்வரை பறக்கவிடாதீர்கள்.

சாதாரண சூப்பர் க்ளூ

வெள்ளைத் தெர்மோகோலைக் கரைத்துவிடும். ஃபோமுக்கென்றே வரும் க்ளூவை வாங்குங்கள். இபிபி, இபிஓ என்ற ஃபோம் வகைகளுக்குச் சாதாரணமானதே போதும்.

எதிரே வரும்போது இடம் வலம் குழம்புவது

இது தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் உடைகிறது, ஏனென்றால் யோசிக்க நேரம் இருக்காது. விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்குக் கீழே ஸ்டிக்கால் முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் கை தானாகப் போகும். முதலில் சிமுலேட்டரில் இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள், சாகசமெல்லாம் அப்புறம்.

காற்று பின்னாலிருந்து வீசும்போது தரையைப் பார்த்து வேகத்தைக் கணிப்பது

பின்காற்றில் விமானம் தரைக்கு மேல் வேகமாகப் போகிற மாதிரி தெரியும். பயந்து த்ராட்டிலைக் குறைப்பார்கள். இறக்கைக்குத் தெரிவது காற்றின் ஊடே போகும் வேகம் மட்டும்தான். அது ஏற்கெனவே குறைவாக இருக்கும். அந்த நிலையில் தாழ்வாக, இறுக்கமாக ஒரு திருப்பம் போட்டால் ஒரு பக்க இறக்கை தூக்குவிசையை இழந்து சடாரென்று விழும். மீட்க உயரம் இருக்காது. இறங்குவதற்கான கடைசித் திருப்பத்தை எப்போதும் உயரமாக, அகலமாக, கொஞ்சம் த்ராட்டிலோடு போடுங்கள்.

ஆன் செய்யும் வரிசை

முதலில் ட்ரான்ஸ்மிட்டர், பிறகு விமானம். அணைக்கும்போது முதலில் விமானம், பிறகு ட்ரான்ஸ்மிட்டர்.