இங்கிலாந்து பப்பில் ஏல் ருசிக்க

இங்கிலாந்துப் பக்கம் போகிறவர்கள் பப்புக்குள் நுழைந்ததும் ஊரெல்லாம் கிடைக்கிற லாகர் பியரையே கேட்கிறார்கள். அதைச் சென்னையிலேயே குடிக்கலாமே! அங்கே ருசிக்க வேண்டியது ஏல் என்கிற பாரம்பரிய பியர், அதிலும் பீப்பாயிலேயே பதமாகும் காஸ்க் ஏல்.

கவுன்ட்டரில் நீளமான கைப்பிடிகள் நிற்கும். அவற்றை இழுத்துத்தான் நிலவறைப் பீப்பாயிலிருந்து காஸ்க் ஏலை மேலே ஏற்றுவார்கள். கைப்பிடியில் மாட்டியிருக்கும் அட்டையில் ஏலின் பெயர், காய்ச்சிய ஆலை, ஆல்கஹால் சதவீதம் எல்லாம் இருக்கும். அட்டையைத் திருப்பி வைத்திருந்தால் அது இப்போதைக்கு இல்லை என்று அர்த்தம்.

முதல் வாயிலேயே 'என்ன, சூடாயிருக்கு?' என்று தோன்றும். பயப்பட வேண்டாம், 11 முதல் 13 டிகிரிதான் இதற்கான பதம். வடிகட்டாத ஏல் இது. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருந்து மறுபடி நொதிக்கும். அதில் உண்டாகும் லேசான வாயு மட்டும்தான் இருக்கும், அதனால் லாகர் மாதிரி சுர்ரென்று ஏறாது. ரொம்பக் குளிர்ந்தால் மணமே தெரியாமல் போய்விடும்.

ஒரு பைன்ட் 568 மில்லி. நாலைந்து வகை பார்க்க ஆசையா? அரை பைன்ட் கேளுங்கள். சில இடங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவும் உண்டு. வாங்குவதற்கு முன் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், கூச்சம் வேண்டாம். 3.5 சதவீத மைல்டு, பிட்டர் என்கிற லேசான ஏல் வகைகளில் ஆரம்பித்து, அப்புறம் கனமானதற்குப் போங்கள். தலைகீழாகப் போனால் மைல்டு வெறும் தண்ணீராகத் தெரியும்.

காடி வாடை அடித்தால் உடனே திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருவார்கள். முக்கால்வாசி குடித்துவிட்டுப் போய் நிற்காதீர்கள்.